செருப்பைக் கழற்றிட்டு ஊருக்குள்ள வாங்க!

மலைக்கிராமங்கள் வழியே நடைபயணம்... விவசாயிக்கு என்ன மிச்சம்?

'எங்கள் காபித் தோட்டத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில், சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக நடந்து போகிறார்கள். யாரோ அழைத்து வருகிறார்கள், யாரோ பணம் வாங்குகிறார்கள். எங்களுக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் குப்பைதான். இதில் விவசாயிக்கு ஏதாவது வருமான வாய்ப்பு உண்டா?'

பழநி மலையின் கீழ்மலைப் பகுதியில் இருந்து வாசகர் ஒருவர், கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி எழுதியிருந்தார். நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால், நாமும் ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். தேர்ந்தெடுத்த பாதை, கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி கிராமம் வழியாக, பெரியகுளம் அருகே கும்பக்கரை அடிவாரத்தில் முடிவது. வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, பெரியகுளம் பக்கமிருந்து கால்நடையாகத்தான் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாலையைப் பார்க்காமல் விவசாயம் செய்துவந்த ஊர் வெள்ளகவி. இதே ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் போன்ற குக்கிராமங்களில் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வரும் செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

வனத்துறை அனுமதியோடு, தை மாதத்துக் காலை நேரத்தில் வட்டக்கானலில் நின்றோம். வழிகாட்டியாக வந்தவர், நடுத்தர வயதுக் காபி விவசாயி. "பேரெல்லாம் வேண்டாங்க... ஊர்ப் பேரு மட்டும் போட்டா போதும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

ஒரே நாளில் மூன்று விவசாயம்

கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. கும்பக்கரை அடிவாரம் அதில் நாலில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால், காலையில் ஸ்வெட்டரோடு கிளம்புகிறவர், சாயங்காலம் பத்து டிகிரி கூடுதலான வெயிலில் வந்து நிற்பார். இந்தப் பத்து டிகிரிக்குள் மூன்று விதமான விவசாயத்தைப் பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தப் பாதையின் சிறப்பு.

மேலே, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு போட்ட படிக்கட்டு வயல்கள். 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த உயரத்துப் பயிர். வயல்களைத் தாண்டினால் சோலைக்காடு. டால்பின் நோஸ் பாறையைக் கடந்ததும் பாதை செங்குத்தாக இறங்குகிறது. முழங்கால் நடுங்க ஆரம்பிப்பது இங்கேதான்.

இறங்க இறங்கக் குளிர் குறைந்து, சில்வர் ஓக், கல்யாண முருங்கை நிழலில் காபிச் செடிகள் தென்படுகின்றன. நிழல் மரத்தில் மிளகுக்கொடி, காபிக்கு நடுவே மலைவாழை, ஆரஞ்சு, ஓரங்களில் பலா, வெண்ணெய்ப்பழம். ஒரே நிலத்தில் நான்கைந்து அடுக்காக விளையும் இந்தக் கலப்புப் பயிர் முறை, கீழ்மலை விவசாயிகளின் சொத்து. இதற்கும் கீழே போனால் இலைகள் உதிர்ந்த வறண்ட காடு, இலவம் மரங்கள், எலுமிச்சை, புளி. கடைசியில், பெரியகுளத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மாந்தோப்புகள்.

"வெளியூர்லருந்து வர்றவங்க மலையத்தான் பார்க்குறாங்க. நான் மரத்தைக் காட்டுவேன். இது காபி, இது பூத்தா மல்லிகை மாதிரி மணக்கும், இந்தப் பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை இருக்கும்னு சொன்னா, பாதிப்பேரு ஆச்சர்யமாயிடுவாங்க. தினமும் காபி குடிக்கிறவங்க, காபிச் செடியை அன்னைக்குத்தான் பார்ப்பாங்க" என்று சிரித்தார் வழிகாட்டி.

வாசகரின் கேள்விக்கான முதல் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. பாதை காட்டுகிறவர் விவசாயியாக இருந்தால், நடந்து வருகிறவர் தோட்டத்தைத் தோட்டமாகப் பார்க்கிறார். நகரத்திலிருந்து ஒருவர் அழைத்து வந்தால், அதே தோட்டம் செல்ஃபி எடுக்கும் இடமாகிவிடுகிறது.

குரங்கணி சொன்ன பாடம்

உள்ளூர் வழிகாட்டி வேண்டும் என்பதற்கு வருமானம் மட்டும் காரணமில்லை. 2018 மார்ச் 11-ம் தேதி, இதே தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியதில், நடைபயணம் வந்தவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்து நிற்கும் புல்வெளி எவ்வளவு வேகமாகப் பற்றும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்தப் பள்ளத்தில் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அந்த மலையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். காசு கட்டி வந்தவருக்குத் தெரியாது.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, அதே ஆண்டில் வனப்பகுதி நடைபயணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை நடைபயணப் பாதைகள் மூடப்படுவது வழக்கமாகியிருக்கிறது. 2024 அக்டோபரில், 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை அரசே அறிவித்து, இணையவழி முன்பதிவையும் தொடங்கியது. பழங்குடிகளுக்கும் வனத்தை ஒட்டிய கிராமத்து இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களையே வழிகாட்டிகளாக நியமித்திருப்பது இந்தத் திட்டத்தின் முக்கியமான அம்சம்.

"மேகம் இறங்குதுன்னா அஞ்சு நிமிஷத்துல முன்னால போறவன் தெரியமாட்டான். காட்டுமாடு குறுக்க வந்தா எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. இதெல்லாம் எங்க அப்பாகூட மூட்டை தூக்கிட்டு நடந்தப்பக் கத்துக்கிட்டதுதாங்க. அப்ப இதுக்குச் சம்பளம் கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் வழிகாட்டி.

உடைந்த பாட்டிலும் வெறுங்காலும்

ஊர் எல்லைக்கு வந்ததும் வழிகாட்டி நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டார். நாமும் ஷூவைக் கழற்றினோம். வெள்ளகவியில் யாரும் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. வீடுகளுக்கு இடையிடையே கோயில்கள் இருக்கின்றன. ஊரே கோயில் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

"பெரும்பாலானவங்க சொன்னாக் கேட்டுக்கிடுவாங்க. சிலபேரு, 'கல்லு குத்துது'ன்னு ஷூவோடயே போயிருவாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டுப் போறாங்க பாருங்க... அதைத்தான் தாங்க முடியல" என்றபோது அவர் குரல் மாறியது.

யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். ஊரே வெறுங்காலில் நடக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, தண்ணீர் எடுக்கும் பெண், சுமை ஏற்றி வரும் மட்டக்குதிரை என எல்லோருக்கும் ஒரே பாதைதான். அதில் உடைந்த கண்ணாடித்துண்டு ஒன்று கிடந்தாலும், காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மலையேற வேண்டும் அல்லது மலையிறங்க வேண்டும். குதிரைக்குக் காலில் அடிபட்டால், அந்த வாரத்துச் சரக்கு சந்தைக்குப் போகாது.

ஆக, 'செருப்பைக் கழற்றுங்கள்' என்பது சம்பிரதாயம் மட்டுமில்லை. 'இது எங்கள் வீடு, நீங்கள் விருந்தாளி' என்று ஊர் சொல்லும் சொல். அதைச் சொல்வதற்கு ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால்தான் அது எடுபடுகிறது.

குதிரை முதுகும் முதுகுப்பையும்

ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் காபி காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, கருப்பட்டி போட்ட காபி குடித்தோம். அப்போதுதான், இந்த ஊரின் விவசாயக் கணக்கை வழிகாட்டி விளக்கினார்.

சாலை இல்லாத ஊரில், ஒரு பொருளின் விலையைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. சுமைக்கூலியும் தீர்மானிக்கிறது. பலாப்பழம் எவ்வளவு காய்த்தாலும், அதைக் குதிரையில் ஏற்றி இறக்கினால் கூலிக்கே சரியாகிவிடும். மிளகு அப்படியில்லை. காய்ந்துவிட்டால் எடை குறைவு, விலை அதிகம், எத்தனை மாதம் வைத்திருந்தாலும் கெடாது. காபியும் அப்படித்தான். வெண்ணெய்ப்பழம் மரத்தில் பழுப்பதில்லை. முற்றிய காயாகப் பறித்தால், பழுக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கல் மாதிரி இருக்கும்போதே ஏற்றி அனுப்பிவிடலாம், நசுங்காது. ஆரஞ்சு நடுத்தரம்.

"குதிரை முதுகுக்கு எது தோதோ, அதுதான் வர்றவங்க பைக்கும் தோது" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நடந்து வந்தது வீண்போகவில்லை. நடைபயணி என்பவர், விவசாயியின் வாசலுக்கே நடந்து வந்து, தானே சுமந்துகொண்டு போகும் வாடிக்கையாளர். இடைத்தரகர் கிடையாது, சுமைக்கூலி கிடையாது. ஆனால், அவர் முதுகில் ஏற்கெனவே ஐந்தாறு கிலோ இருக்கிறது. எடை குறைவான, நசுங்காத, கெடாத, ஊரின் அடையாளம் உள்ள பொருளைத்தான் அவர் வாங்குவார். மிளகு, காபித்தூள், ஏலக்காய், தேன் எனச் சிறு பொட்டலங்களாகக் கொடுத்தால் விற்கும். பலாவைச் சுளையாக, ஆரஞ்சைச் சாறாக, வாழையைச் சீப்பாகக் கொடுத்தால் அங்கேயே சாப்பிட்டுவிடுவார்.

காபிக்கு ஒரு கணக்குப் போடலாம். அரபிகா காபியில் சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பருப்பு கிடைக்கும். வறுக்கும்போது அதில் ஆறில் ஒரு பங்கு எடை குறையும். உதாரணத்துக்கு, ஒரு குழுவில் 6 பேர் வந்து, ஆளுக்குக் கால் கிலோ தூள் வாங்கினால் ஒன்றரை கிலோ. ஒரு பருவத்தில் இப்படி 20 குழுக்கள் வந்தால் 30 கிலோ தூள். அதற்குத் தேவையான பருப்பு 36 கிலோ, பழமாகப் பார்த்தால் சுமார் 215 கிலோ. உங்கள் ஊர் வியாபாரி 215 கிலோ பழத்துக்கு என்ன விலை கொடுப்பார், 30 கிலோ காபித்தூள் கடையில் என்ன விலை விற்கிறது... இரண்டையும் எழுதிப் பார்த்து, வறுக்க, அரைக்க, பொட்டலம் போட ஆகும் செலவைக் கழித்தால் வித்தியாசம் தெரியும்.

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு விவசாயியின் மொத்த விளைச்சலில் இது ஒரு பகுதிதான். மீதிச் சரக்கு வியாபாரிக்குத்தான் போக வேண்டும். மழை பெய்தால் வருகை நிற்கும். தீக்காலத்தில் பாதையே மூடப்படும். அதனால், நடைபயண வருமானம் விவசாயத்துக்குத் துணையாக இருக்கலாமே தவிர, விவசாயத்தை விட்டுவிட்டு அதை நம்புவது சரியாக வராது.

சாலை வந்துவிட்டால்..?

'நாளைக்குச் சாலை வந்துவிட்டால் நடந்து வருகிறவர்கள் நின்றுவிட மாட்டார்களா?' என்ற கேள்வி எழலாம். இதற்கு நேபாளத்தில் ஓர் அனுபவம் இருக்கிறது.

அன்னபூர்ணா மலையைச் சுற்றி நடக்கும் பாதையில், முஸ்டாங் மாவட்டத்தில், 2,600 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது மார்பா கிராமம். 1960-களில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை அமைந்த பிறகு, அது ஆப்பிள் கிராமமாக மாறியது. சாலை இல்லாத காலத்தில் ஆப்பிளைப் பெருமளவில் நகரத்துக்கு அனுப்ப வழியில்லை. அதனால், வற்றலாக உலர்த்தினார்கள், ஜாம் செய்தார்கள், பிராந்திகூட வடித்தார்கள். வாங்கியவர்களில் பலர் அந்த வழியே நடந்துபோன பயணிகள். பிறகு, ஜோம்சோம் வரை சாலை வந்தது. நடப்பவர்களில் பலர் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். தங்கும் விடுதிகளுக்கு அடி. ஆனால், ஆப்பிள் லாரியில் ஏறி பொக்காரா சந்தைக்குப் போக ஆரம்பித்தது. விடுதியை மட்டும் நம்பியவர் திண்டாடினார். தோட்டத்தையும் வைத்திருந்தவர் சமாளித்தார்.

அங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், 1986-ல் தொடங்கப்பட்ட அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம். பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம், அந்தப் பகுதியின் பாதுகாப்புக்கும் கிராம மேம்பாட்டுக்கும் செலவிடப்படுகிறது. விடுதி நடத்துகிறவர்கள் குழுவாகச் சேர்ந்து, சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஒரே விலைப்பட்டியல் வைக்கிறார்கள். 'நான் குறைத்துத் தருகிறேன்' என்று பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டி போட்டு, எல்லோரும் நஷ்டப்படும் நிலை இதனால் குறைகிறது. நம் மலைக்கிராமங்களில் சுய உதவிக்குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விலைப்பட்டியலைத் தனி ஆளாக அல்லாமல் குழுவாகப் போட்டால் போதும்.

சாலை என்பது நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரிமை. நடக்க வருகிறவர்களின் ரசனைக்காக ஒரு ஊர் சாலை இல்லாமல் இருக்க முடியாது. இதைச் சொன்னதும் வழிகாட்டி தலையாட்டினார். "ரோடு வரட்டுங்க. நடக்கணும்னு நினைக்கிறவன் நடப்பான். எங்க அம்மாவ டோலியில தூக்குன தோளு இது" என்றார்.

பாதையில் வரும் நோய்கள்

தோட்டத்து வழியாக ஆட்கள் போகும்போது, பயிர்ப் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு, மண் மூலமாகப் பரவக்கூடியது. உருளை வயலில் மிதித்த ஷூவோடு அடுத்த ஊர் வயலில் இறங்கக் கூடாது. வயலின் ஓரத்தில் பாதையைத் தெளிவாகக் காட்டிவிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

மலைவாழை இன்னும் முக்கியம். பழநி மலையின் விருப்பாச்சி மலைவாழையும், சிறுமலை வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு காலத்தில் மலையெங்கும் இருந்த இந்த வாழை, முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தது. இந்த வைரஸ் நோய், கன்றுகள் மூலமும் அசுவினி மூலமும் பரவும். 'ஆசையாக இருக்கிறது, ஒரு கன்று கொடுங்கள்' என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்த கன்றையும் நட வேண்டாம்.

விவசாயிகள் கவனத்துக்கு...

அனுமதி: வனப்பகுதிப் பாதையில் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரையும் அழைத்துச் செல்லக் கூடாது. வழிகாட்டியாக விரும்பும் இளைஞர்கள், உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் பயிற்சி, பதிவு குறித்துக் கேளுங்கள். முதலுதவிப் பயிற்சி அவசியம்.

தங்குமிடம்: பட்டா நிலமாக இருந்தாலும், மலைப்பகுதியில் கட்டடம் கட்டத் தனி விதிகள் உண்டு. புதிய கட்டடத்தில் பணத்தைப் போடுவதற்கு முன்பு, இருக்கும் வீட்டில் ஓர் அறையை ஒழுங்குசெய்து, முறைப்படி பதிவுசெய்து தொடங்குவது நல்லது. காட்டுக்குள் கூடாரம் வேண்டவே வேண்டாம்.

உணவு: பொட்டலம் போட்டு விற்கும் பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. சாப்பாட்டுக்கு, ஆட்கள் எண்ணிக்கையை முதல் நாளே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால், வீணாவது உங்கள் வீட்டு அரிசி.

காபி: பழுத்த பழத்தை மட்டும் பறித்து, அன்றே பல்பரில் போட்டு, நொதிக்கவைத்துக் கழுவி, ஈரப்பதம் 10-11 சதவிகிதம் வரும்வரை காயவையுங்கள். காயவைக்கும் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். தெரியாமல் மிதித்துவிடுவார்கள்.

குப்பை: கொண்டுவந்த பாட்டிலையும் கவரையும் திருப்பி எடுத்துச் செல்வதற்கு, ஊர் எல்லையில் முன்பணம் வாங்கி, கீழே இறங்கும்போது காட்டினால் திருப்பிக் கொடுக்கலாம். ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.

இனி, கேள்வி கேட்ட வாசகருக்கு... உங்கள் தோட்டத்து வழியே போகும் கூட்டத்தை நிறுத்தவும் வேண்டாம், வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். ஊர்க் கூட்டத்தில் மூன்று விஷயங்களைப் பேசுங்கள். ஒன்று, வழிகாட்டி நம் ஊர்க்காரராக இருக்க வேண்டும். இரண்டு, சாப்பாட்டுக்கும் பொருளுக்கும் ஊர் முழுக்க ஒரே விலை. மூன்று, ஊருக்குள் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், குப்பை குறைந்து காசு மிஞ்சும். இல்லையென்றால், உங்கள் மலையை வைத்து யாரோ சம்பாதிப்பார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கும்பக்கரைக்கு இறங்கிவிட்டோம். பாம்பாற்றில் கால் நனைத்தபோது, முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியது. நமக்குப் பயணம் முடிந்துவிட்டது. வழிகாட்டிக்கு முடியவில்லை. அரிசி மூட்டையும் உப்பும் வாங்கி அடிவாரத்தில் வைத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் குதிரையில் ஏற்றிக்கொண்டு, அதே பாதையில் மேலே நடக்க வேண்டும். "நீங்க ஒருநாள் நடந்ததுக்கே கால் வலிக்குதுங்குறீங்க..." என்று சிரித்தபடி விடைகொடுத்தார்.

உங்கள் ஊர் வழியாகவும் நடைபயணப் பாதை போகிறதா? அதில் கிடைத்த நல்லது, கெட்டது எதுவானாலும் எங்களுக்கு எழுதுங்கள். மற்ற மலைக்கிராம விவசாயிகளுக்கு அது வழிகாட்டும்.